ஹோபார்ட்டில் ஒரு வண்டிப்பட்டறை

கொடுமுடியில் அப்பாவின் வண்டிப்பட்டறை மூடிப் பல ஆண்டுகளாகின்றன. கட்டை வண்டிகள் போய் டயர் வண்டிகள் வந்து, பிறகு மாட்டு வண்டியே அரிதாகிவிட்ட காலத்தில் உளியைக் கீழே வைத்தவர், அதை மறுபடி கையில் எடுத்தது ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில், எங்கள் வீட்டுக் கொட்டகையில்தான்.

நானும் மனைவியும் ஹோபார்ட்டுக்குக் குடிவந்த மூன்றாம் ஆண்டு அது. வேலையையும் குளிரையும் தவிர இந்த ஊரில் எங்களுக்கென்று எதுவும் அமையாதிருந்தபோது, பக்கத்துத் தெருக்காரர் கழித்துவிட இருந்த 12 அடி மரப்படகை வாங்கினேன். காவிரியில் பரிசல் ஏறியதைத் தவிர எனக்குப் படகுப் பழக்கம் கிடையாது. ஆனால் பெயின்டைச் சுரண்டியதும் எழுந்த வாசனை என்னை விடவில்லை. அது ஹுவான் பைன் மரம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. அளவே பருக்கும் அந்த மரத்தில் மெத்தில் யூஜெனால் என்னும் எண்ணெய் ஊறியிருப்பதால் எளிதில் உளுப்பதில்லை. பலகைகள் உறுதியாகவே இருந்தன. விலாச் சட்டங்களில்தான் ஏழு முறிந்திருந்தன.

டிசம்பரில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா ஒவ்வொரு பலகையையும் விரல் கணுவால் தட்டிக் கேட்டபின், "மரம் நல்லாத்தான் இருக்குது, ஆணிதான் செத்துப்போச்சு" என்றார்.

புதுச் சட்டங்களை ஆவிப்பெட்டியில் முக்கால் மணி நேரம் வேகவைத்து, சூடு ஆறுமுன் வளைத்துப் பொருத்தினோம். செம்பு ஆணி அடிப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு பேர் வேண்டும். வெளியே ஆணித்தலையின்மேல் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க ஒருவர். உள்ளே செம்பு வில்லையைக் கோத்து, நுனியை நறுக்கி, சுத்தியலால் மெல்லத் தட்டி மடக்க இன்னொருவர். வெளியே அம்மா உட்கார்ந்தார். முகம் தெரியாமலேயே, பலகைக்கு இப்புறமும் அப்புறமுமாக இருவரும் "ம்", "ஆச்சுங்களா" என்று பேசிக்கொண்டு நாளொன்றுக்கு நாற்பது ஆணிகளை முடித்தார்கள். கொடுமுடிப் பட்டறைக்குள் அம்மா வேலைக்கு வந்து நான் பார்த்ததே இல்லை.

டெர்வென்ட் ஆற்றில் இறக்கிய அன்று, பலகை இணைப்புகள் எல்லாவற்றிலும் தண்ணீர் கசிந்தது. பதறிப்போய்ப் பசை வாங்கப் புறப்பட்ட என் கையை அப்பா பிடித்தார்.

"வெயில்ல காஞ்சு ஆட்டங்கண்ட சக்கரத்தை என்ன பண்ணுவோம்? வாய்க்கால்ல ஊறப் போடுவமல்ல? பொறு சாமி, மரம் தண்ணி குடிக்கட்டும்."

அவர் சொன்னதுதான் சரி. காய்ந்த இடைவெளியில் கெட்டியாக எதையாவது அடைத்திருந்தால், ஊறி உப்பும் பலகை இடமில்லாமல் ஆணிகளையே நெம்பியிருக்கும். கரையோரம் ஆழமில்லாத இடத்தில் படகை நீர் நிரம்பிய நிலையிலேயே கட்டிப்போட்டோம். அப்பா காலையும் மாலையும் போய்ப் பார்த்துவந்தார்.

மூன்றாம் நாள் நீரை இறைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அடியில் ஒரு சொம்பளவுகூடத் தண்ணீர் சேரவில்லை. அம்மா செருப்பைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக ஏறினார்.