செம்பனைக்குள் சைக்கிள்

மலேசியாவில் எங்கள் சைக்கிள் குழுவில் பாதிப் பேருக்குச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, என்றாலே ஆகாது. "ரெண்டு பக்கமும் ஒரே மரம், ஒரே பச்சை, தூக்கம் வருது" என்பார்கள். கிள்ளானிலிருந்து ஈப்போவுக்கு ஓட்டுவதாகத் திட்டம் போட்டபோதும் இதே பேச்சுதான். அதில் பத்தாங் பெர்ஜுந்தையில் கிளம்பி தெலுக் இந்தான் போய்ச் சேரும் நாள்தான் செம்பனை மிகுந்த நாள். ஏற்றமே இல்லாத தட்டைப் பாதை, 100 கிலோமீட்டரைத் தாண்டும். நான் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். ஊருக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. அந்த ஒரு நாளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

விடிவதற்கு முன்பே டவுனில் ஒரு கடையில் பசியாறினோம். ரொட்டி சானாய், தே தாரிக். கடைக்கார அண்ணன் வெளியே வந்து, சாய்த்து வைத்திருந்த சைக்கிள்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு விலை கேட்டார். எங்கள் தலைவர் பாதி விலைதான் சொன்னார். அதற்கே அவர், "இந்தக் காசுக்கு நல்ல மோட்டாரே வாங்கலாமே!" என்றார். "வாங்கலாம்ண்ணே, வயிறு குறையாதே." என் அப்பா கித்தாக்காட்டில் (ரப்பர் தோட்டத்தில்) பால் வாளிகளை மாட்டிக்கொண்டு மிதித்த சைக்கிளுக்கு கியர் கிடையாது. பிரேக்கும் பாதி நாள் கிடையாது. வயிறும் கிடையாது என்று வையுங்கள்.

ஏழு மணிக்கு முன்பாகவே விளக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். தோட்டத்துச் சடக்கில் (சாலையில்) வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போயின. பெரும்பாலும் வங்காளதேசத்துப் பிள்ளைகள், இந்தோனேசியர்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்த நேரத்தில் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போனதெல்லாம் நம் ஆட்கள். ஒரு பையன் கையசைத்தான், நாங்களும் அசைத்தோம்.

தென்னமரம் தோட்டத்தை ஒட்டிப் போகும்போதுதான் எங்கள் குழுவிலிருந்த பூச்சோங் ஊர்த் தம்பி வாயைக் கொடுத்தான். "அக்கா, இதை எவன்க்கா முதல்ல நட்டான்?" பொருத்தமான இடத்தில்தான் கேட்டான். 1917-இல் ஒரு பிரெஞ்சுக்காரத் துரை இதே தென்னமரத்தில்தான் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார் என்றேன். மரம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதற்கு முன்பும் இங்கே இருந்திருக்கிறது, ஆனால் தோட்ட அலங்காரத்துக்கு. தம்பி நம்பவில்லை. போனை எடுத்துப் பார்க்கலாம் என்று நிறுத்தினான். பார்த்தால் பின்சக்கரம் தரையோடு தரையாகக் கிடக்கிறது.

புது டியூப் மாற்றினான். காற்றடித்தான். ஐந்து நிமிடத்தில் மறுபடி இறங்கிவிட்டது. "டியூப் சரியில்லை" என்று கடையைத் திட்டத் தொடங்கினான். நான் டயரை வாங்கி உள்பக்கம் கட்டை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனேன். வால்வுக்கு எதிர்ப்பக்கம் சுருக்கென்றது. மட்டை முள். வெட்டிப்போட்ட செம்பனை மட்டையின் அடிப்பகுதியில் வரிசையாக இருக்கும். சடக்கு ஓரத்தில் உதிர்ந்து கிடக்கும். டயரில் ஏறியதும் வெளியில் நீட்டிக்கொண்டிருப்பது ஒடிந்துவிடும், நுனி மட்டும் ரப்பருக்குள் நின்றுகொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். நகவெட்டியால் கவ்வி இழுத்தேன், அரிசி நீளம்கூட இல்லை.

"இதெல்லாம் எப்படிக்கா தெரியும்?" அம்மாவின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இந்த முள் கீறிய கோடுகள் இருந்தன. எடுத்துவிடுவது என் வேலை.

அம்மா செய்தது பூவுக்குத் தூள் அடிக்கிற வேலை. மகரந்தத்தைப் பவுடரோடு கலந்து, மட்டை இடுக்கில் மறைந்திருக்கும் பெண் பூவைத் தேடி, முள்ளுக்குள் கையை விட்டு ஊத வேண்டும். செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. இங்கே காய் பிடிக்க மனிதக் கை தேவைப்பட்டது. 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். சொந்த ஊரில் இந்த மரத்தோடு வாழ்ந்த வண்டு. அது அந்த வேலையை முழுதாக எடுத்துக்கொண்டது. கம்பெனிக்கு நல்ல காரியம், சந்தேகமில்லை. அம்மா, "வண்டு வந்துச்சு, நம்மள உதிரிப் பழம் பொறுக்கப் போகச் சொல்லிட்டாங்க" என்பார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை.

தம்பி ஒன்றும் சொல்லாமல் காற்றடித்தான். பக்கத்து மரங்களுக்கு நடுவே கம்பத்தில் நின்ற பெட்டியைக் காட்டி, தேனீப் பெட்டியா என்று மட்டும் கேட்டான். ஆந்தைப் பெட்டி தம்பி, எலிக்கு.

கோலசிலாங்கூர் தாண்டி 5-ஆம் எண் சடக்கில் ஏறியதும் லோரிகள். குலையை அறுத்த 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போட்டாக வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் புளிப்பு ஏறித் தரம் இறங்கிவிடும். ஆகவே அவர்களுக்கு அவசரம். வளைவுகளில் உதிரிப் பழம் நசுங்கிக் கிடக்கும், சைக்கிள் சக்கரத்துக்கு அது வழுக்குகிற இடம். தலைவர் ஒவ்வொன்றுக்கும் கை காட்டி "பழம்! பழம்!" என்று கத்திக்கொண்டே போனார்.

செக்கிஞ்சானில் எல்லாருக்கும் உயிர் வந்தது. வயல், வாய்க்கால், நேர்கோட்டுச் சடக்கு. சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கி, உட்கார்ந்து, குதித்து, படம் எடுத்துத் தீரவில்லை. நான் ஒப்புக்கொள்கிறேன், அழகுதான். ஆனால் மரமே இல்லாத இடத்தில் கடல்காற்றைத் தடுக்க என்ன இருக்கிறது? படம் எடுத்து முடித்துக் கிளம்பியதும் முகத்துக்கு நேரே அடித்தது. ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டு, பேச்சில்லாமல் சுங்கை பெசார் வரை மிதித்தோம். காலையில் செம்பனையைத் திட்டியவர்களில் ஒருவர், "அந்த மரமெல்லாம் எங்கம்மா போச்சு?" என்றார். நான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு சபாக் பெர்ணம் வரை வெயில் மட்டும்தான் நினைவிருக்கிறது. பெர்ணம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பேராக். ஊத்தான் மெலிந்தாங் பக்கம் மறுபடி செம்பனை, மறுபடி நிழல். வயதான மரங்களுக்குக் கீழே போனால் உடம்பு குளிர்வது தெரியும். 25 வருடம் ஆனதும் வெட்டிவிட்டு மறுநடவு செய்கிற இடம் வந்தால் அடுப்படி. 1906-இல் டென்மார்க்குக்காரர்கள் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டம் இந்தப் பக்கம்தான். அங்கே குலைகளைச் சின்னத் தண்டவாளத்தில் ஏற்றி ஆலைக்கு அனுப்புவார்கள் என்றதும், மறுநாள் தாமதமாகக் கிளம்பி அதைப் பார்க்கலாமா என்று கேட்டவன் பூச்சோங் தம்பி.

தெலுக் இந்தானில் 1885-இல் கட்டிய சாய்ந்த கோபுரத்துக்கு எதிரே சைக்கிள்களைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். இந்தப் பாதையில் போக நினைப்பவர்கள் கூடுதல் டியூப் எடுத்துக்கொள்ளுங்கள், நகவெட்டியை மறக்காதீர்கள், சபாக் பெர்ணத்தை மத்தியானத்துக்கு முன்பே தாண்டிவிடுங்கள். செக்கிஞ்சானில் படம் எடுப்பதை அரை மணி நேரத்தோடு நிறுத்தினால் முடியும்.