அம்மாவின் கட்டில் மேல் விழுந்த சீலிங் பூச்சு

2024 பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் மத்தியானம், அம்மாவின் கட்டில் மேல் சீலிங் பூச்சு ஒரு முறம் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. நல்ல வேளையாக அம்மா அடுப்படியில் இருந்தார். தலையணை மேல் கிடந்த துண்டை இரண்டு கையாலும்தான் தூக்க முடிந்தது. சீலிங்கில் பழுப்புக் கோடு தெரிகிற வீட்டுக்காரர் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு தாம்பரம் பக்கம், 1987-இல் அப்பா கட்டியது. 2022-இலேயே அதே இடத்தில் கொஞ்சம் பொரிந்து உதிர்ந்தது. தெரிந்தவர் சொல்லி வந்த ஒருவர் வாசற்படியில் நின்றபடியே அண்ணாந்து பார்த்து, "12 ஆயிரம் ஆகும் சார்" என்றார். ஒரே நாளில் சுரண்டி, சிமெண்ட் அப்பி, பட்டி பார்த்து, வெள்ளை அடித்துவிட்டுப் போய்விட்டார். கலவை இறுகியதும் தண்ணீர் ஊற்றிக் கிளறி மறுபடி அப்பினார். ஈரப் பூச்சின் மேல் வெறும் சிமெண்ட் தூளை அடித்துத் தேய்த்தார். பக்கத்தில்தான் நின்றேன், இரண்டும் தப்பு என்று அப்போது தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, உள்ளே கம்பி ஓடும் வழியெல்லாம் பழுப்புக் கோடு இறங்கியது. அடுத்த மாதம் மொத்தமாக விழுந்துவிட்டது.

இந்த முறை மூன்று பேரை வரச் சொன்னேன். இரண்டு பேர் வந்ததும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஆரம்பித்தார்கள். மூன்றாவதாக வந்த மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். காசுப் பேச்சே எடுக்கவில்லை. "ஒட்டடைக் கம்பு இருந்தா குடுங்க தம்பி" என்று வாங்கி, அடிப்பக்கத்தால் சீலிங்கைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். பூச்சு பிடித்திருந்த இடத்தில் சத்தம் கெட்டியாக வந்தது. விட்டுப்போன இடத்தில் காலி டப்பாவைத் தட்டினாற்போல் 'டொப் டொப்' என்றது. அந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடச் சொன்னார். விழுந்த இடத்தைப்போல மூன்று மடங்கு வட்டத்துக்குள் வந்துவிட்டது. அப்புறம், "மாடிக்குப் போலாமா?" என்றார். இவருக்குத்தான் வேலை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மொட்டை மாடி தட்டோடு பதித்தது. அம்மா அறைக்கு நேர் மேலே மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வாய். அதைச் சுற்றி ஓட்டின் இடுக்குகளில் காரை அரித்துப்போயிருந்தது. அவர் காட்டிய ஓட்டையில் என் சுண்டுவிரல் நுழைந்தது. "இத அடைக்காம கீழ பூசினா திரும்ப வுழும் தம்பி" என்றார். அந்த மூலையில் ஓட்டைப் பெயர்த்து, வாட்டம் சரிசெய்து, நீர்க்கசிவுத் தடுப்பு அடித்து, மறுபடி ஓடு பதித்து இடுக்கை அடைத்தார்கள். பிறகு குழாய் வாயை அடைத்து, அதைச் சுற்றிச் சின்னதாக வரப்பு கட்டி, ஒரு அங்குலத் தண்ணீரை இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தோம். கீழே சொட்டு இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் அறைக்குள் வேலை.

கம்பி தெரிந்துவிட்டதால் ஒரு சிவில் இன்ஜினியரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்குக் கொடுத்த 2,000 ரூபாய் கொஞ்சமும் வீண் இல்லை. முட்டு கொடுக்காமல் கொத்தக் கூடாது என்று சொன்னவர் அவர்தான். ஜாக்கி வைத்துப் பலகை தாங்கிய பிறகே உளியை எடுத்தார்கள்.

சம்பளம் நாள் கணக்கில் பேசினோம், மேஸ்திரிக்கு 1,200, சித்தாளுக்கு 800. புதுச் சுவருக்குச் சதுர அடிக் கணக்கு சரியாக இருக்கலாம். பழுது வேலையில் உள்ளே என்ன இருக்கிறதென்று கொத்திப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. அடியைக் கணக்குப் பண்ணுகிறவர் கொத்த வேண்டியதைக் கொத்தாமல் மூடிவிட்டால் நமக்குத் தெரியப்போவதில்லை. சாமான் எல்லாம் நானே வாங்கினேன். பூச்சுக்குப் போடும் நைசான செயற்கை மணலான பி-சாண்ட் கேட்டிருந்தேன், கடைக்காரர் கான்கிரீட்டுக்குப் போடும் பருமணலான எம்-சாண்டை அனுப்பிவிட்டார். மேஸ்திரி ஒரு பிடி அள்ளிப் பார்த்ததும் திருப்பி அனுப்பச் சொன்னார்.

கொத்துவதற்கே மூன்று நாள் ஆனது. கம்பியிலிருந்து துரு அப்பளம்போல் அடுக்கடுக்காகக் கழன்று விழுந்தது. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், அந்தப் பருமன்தான் கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. துருவை உள்ளேயே விட்டு மேலே எவ்வளவு நல்ல சிமெண்ட் பூசினாலும் நிற்காது. எங்கள் பழைய 12 ஆயிரம் போனது இப்படித்தான். கம்பிக்குக் கீழ்ப்பக்கம் மட்டும் சுரண்டினாலும் பயனில்லை. கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவுக்குக் கொத்திவிட்டு, "நீங்களே வுட்டுப் பாருங்க" என்று என்னைச் சாரத்தில் ஏற்றினார். விட்டுப் பார்த்தேன். கம்பியின் முதுகிலும் அதே அளவு துரு சொரசொரத்தது. கம்பி பிரஷ் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார்கள். இரண்டு கம்பி மிகவும் மெலிந்திருந்ததால் இன்ஜினியர் சொன்னபடி பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டினோம். துருத் தடுப்புப் பெயிண்ட்டை அன்றைக்கே அடித்தாயிற்று.

பழைய கான்கிரீட்டில், புதுப் பூச்சு ஒட்டிப் பிடிக்கப் போடும் பாண்டிங் கெமிக்கலும் சிமெண்ட்டும் கலந்து பிரஷ்ஷால் தடவி, அது காய்வதற்குள் 1:3 கலவையை வீசி அடித்தார். அதிலும் அந்த கெமிக்கல் சேர்த்திருந்தது. பள்ளத்தை ஒரே மூச்சில் நிரப்பவில்லை. தலைக்கு மேல் கனமாக அப்பினால் தன் எடையிலேயே தொங்கிப்போகுமாம். ஒரு சுற்று, அது பிடித்தபின் இன்னொரு சுற்று. அரை மணி நேரத்தில் தீரும் அளவுக்குச் சட்டி சட்டியாகத்தான் கலந்தார்கள். ஒருமுறை டீ குடிக்கப் போய் நேரமாகிவிட்டது. மீந்த அரைச் சட்டியை அப்படியே வெளியே கொட்டச் சொல்லிவிட்டார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடிய இடம் அது.

கடைசிப் பூச்சுக்குத் தண்ணீர் காட்டியது அம்மா. செடிக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரால் ஏழு நாள், நாளைக்கு நாலு தடவை. பெயிண்டர் அவசரப்படுத்தினார், நாங்கள் நாலு வாரம் காய விட்டோம். கண்ணாடித்தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் உள்ளே வியர்க்கவில்லை என்று பார்த்த பிறகே பட்டி வைக்க விட்டோம்.

அறை 120 சதுர அடி. ஒன்பது நாள் கூலி 18,000, சாமான் 14,000, மாடி வேலை தனியாக 11,000. அந்த வருஷ ஐப்பசி மழையில் தினமும் காலையில் எழுந்ததும் அண்ணாந்து பார்த்தேன். ஒரு கோடும் இறங்கவில்லை. அம்மா கட்டிலைப் பழைய இடத்திலேயே போட்டுக்கொண்டார்.

போகும்போது மேஸ்திரி ஹால் சீலிங்கையும் தட்டிப் பார்த்து இரண்டு வட்டம் போட்டுவிட்டுப் போனார். மாதம் ஒருமுறை ஒட்டடைக் கம்பை எடுத்து அந்த வட்டங்களைச் சுற்றித் தட்டுகிறேன். 'டொப் டொப்' சத்தம் இன்னும் வட்டத்தைத் தாண்டவில்லை. வருகிற தை மாதம் அதையும் கொத்திவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.