பூஜை அறைக்கு மேலே ஒரு பள்ளம்

மன்னார்குடிக்கு அருகே நாங்கள் வடிவமைத்த ஒரு வீட்டின் மாடித் தளத்துக்கு மறுநாள் காலையில் கான்கிரீட் போடுவதாக இருந்தது. அன்று மாலை மேஸ்திரி அழைத்தார். "சார், கீழே பூஜை ரூம் வருது. அதுக்கு நேர் மேலே சங்கன் எதுக்கு?"

குளியலறைக் குழாய்கள் செல்வதற்காகத் தளத்தைத் தாழ்த்தி அமைப்பதைத்தான் சங்கன் என்பார்கள். வீட்டுக்காரரின் தாயார் ஆட்சேபித்ததால், மாடிக் குளியலறையைப் படிக்கட்டுப் பக்கமாக மூன்று வாரங்களுக்கு முன்பே நகர்த்திவிட்டோம். திருத்திய வரைபடத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கட்டடத்தின் உறுதியைக் கணக்கிடும் ஸ்ட்ரக்சுரல் பொறியாளரும் கட்டைவிரல் குறி இட்டிருந்தார். அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவரோ 'வந்து சேர்ந்தது' என்ற பொருளில் மட்டுமே இட்டிருந்தார். விளைவாக, கொத்தனார் எங்கள் புதிய தாளையும், கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அடிக்கும் சென்ட்ரிங்காரரும் கம்பி கட்டுபவரும் பொறியாளரின் பழைய தாளையும் வைத்துக்கொண்டு, ஒரே தளத்தில் இரு வேறு வீடுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்காதது என் தவறு.

பலகையைப் பிரித்துக் கம்பியை மாற்றிக் கட்ட இரண்டு நாள் போதும். ஆனால் அது புரட்டாசி. சம்பா நடவு தொடங்கியதும் சித்தாள்கள் வயலுக்குப் போய்விட்டார்கள். டெல்டாவில் கான்கிரீட் தேதியை அலுவலக நாட்காட்டி மட்டும் தீர்மானிப்பதில்லை. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறந்ததா, வாய்க்காலில் தண்ணீர் எப்போது வந்தது என்பதையும் பார்த்துத்தான் ஆள் கிடைக்கும். ஐப்பசி மழைக்கு முன் ஒருவழியாகப் போட்டு முடித்தோம்.

அதன் பிறகு, கான்கிரீட்டுக்கு இரண்டு நாள் முன்னதாகப் பொறியாளர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், மேஸ்திரி ஆகிய நால்வரும் சென்ட்ரிங் பலகைமீதே நின்று தாள்களை ஒப்பிட்ட பிறகுதான் சம்மதம் சொல்கிறோம். 230 என்று மில்லிமீட்டரில் எழுதிய இடத்திலெல்லாம் ஒன்பது இஞ்சு என்றும் சேர்த்து எழுதுகிறோம். சுவரைக் கட்டுபவர் பேசும் அளவு அதுதான். ஒவ்வொரு தாளின் மூலையிலும் திருத்த எண்ணும் தேதியும் உண்டு.

பழைய தாள்களைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்றும் ஒரு விதி வகுத்தோம். அது நடக்கவில்லை, மேஸ்திரி அவற்றின் பின்பக்கத்தில்தான் ஆள்கணக்கு எழுதுகிறார். ஆகவே முன்பக்கத்தில் சிவப்பு மையால் பெரிதாகக் குறுக்கே கோடு போட்டு அவரிடமே கொடுத்துவிடுகிறேன்.