மூன்று மாடிக்குள் முடிகிற வானிலை

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் ஐந்தாம் மாடியிலிருந்து கீழே வர இருபது வினாடி ஆகும், நடுவில் எங்கும் நிற்காமல் வந்தால். நான் ஐந்தாம் மாடி. மூன்றாவதில் ஒரு பெரியவர் ஏறுவார். ஆக நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு வினாடி. அதற்குள் அரசியல் பேசி முடிக்க முடியாது, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் பதில் தரைத்தளத்தையும் தாண்டி வண்டி நிறுத்துகிற இடம் வரைக்கும் நீளும், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் இரண்டு பேரில் ஒருவருக்காவது சங்கடம். மிச்சம் இருப்பது வானிலைதான்.

"என்ன தம்பி, இன்னைக்கு ஒரேயடியா புழுங்குதே?"

"ஆமா சார், தாங்க முடியல."

கதவு திறந்துவிடும். இரண்டு வருடமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஏற்பாடு இது. கெடுத்தது நான்தான்.

பிறந்தநாளுக்கு வீட்டில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கிக் கொடுத்தார்கள். மேலே வெப்பநிலை, கீழே ஈரப்பதம், ஓரத்தில் சிரித்த முகமோ அழுத முகமோ ஒரு சின்னப் படம். ஜன்னல் ஓரமாக வைத்தேன். முதல் வாரம் முழுக்க ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் அறிவித்துக்கொண்டிருந்தேன், யாரும் கேட்காமலேயே. வீட்டில் சலித்துப் போனதும் வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று.

மறுநாள் லிஃப்டில் பெரியவர் வழக்கம்போல "வெயில் கொளுத்துது தம்பி" என்றார். நான் "ஆமா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னது இது: "வெயில் ஒண்ணும் பெரிசா இல்ல சார், வெறும் 32 டிகிரிதான். ஈரப்பதம் 70, அதான் அப்படித் தெரியுது." சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது, அதனால் 32 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்புக்குச் சுமார் 40 டிகிரி மாதிரி இருக்கும், 1979-ல் ராபர்ட் ஸ்டெட்மன் என்பவர் இதற்கெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார், அதுவும் நிழலில் நிற்கிறவருக்குத்தான், நேர் வெயிலில் நின்றால் இன்னும் கூடும்... லிஃப்ட் கதவு இரண்டு தடவை மூட வந்து என் கையில் இடித்துவிட்டுத் திரும்பிப் போனது. பெரியவர் "ஓ" என்றார். ஒரே ஒரு "ஓ".

அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவர் முன்பெல்லாம் "புழுங்குது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அட்டவணையும் கணக்கும் வைத்துக்கொண்டு எந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேனோ, அங்கே அவர் ஒரே சொல்லில் முன்கூட்டியே போய் உட்கார்ந்திருக்கிறார். வெப்பமானிக்கு ஓர் எண்தான் தெரியும், நமக்கோ வெக்கை வேறு, புழுக்கம் வேறு, காற்று அசையாத இறுக்கம் வேறு, மேகத்துக்குப் பின்னால் இருந்துகொண்டே வறுத்தெடுக்கிற ஊமை வெயில் வேறு. புழுக்கம் என்ற சொல்லுக்கு ஓர் எண் கண்டுபிடிக்கத்தான் ஸ்டெட்மன் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் புத்தி வந்ததா என்றால், இல்லை.

அடுத்து ஈரப்பதத்தைப் பிடித்துக்கொண்டேன். காலையில் 90 சதவீதம் காட்டுவது மதியம் 50-க்கு இறங்கிவிடுகிறது, மனிதன் காலையில் நன்றாகத்தான் இருக்கிறான், மதியம்தான் சாகிறான். முதலில் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கெடவில்லை. காற்று சூடாக ஆக அதில் இடம் கூடுகிறது, 25 டிகிரியில் 90 சதவீதமாக இருக்கிற அதே ஈரம், ஒரு சொட்டும் குறையாமல், 35 டிகிரியில் 51 சதவீதம் ஆகிவிடும். அதனால் அந்தச் சதவீதத்தைப் பார்த்து ஒன்றும் பிரயோஜனம் இல்லை, பார்க்க வேண்டியது பனிநிலை, அதாவது எத்தனை டிகிரிக்குக் குளிர்ந்தால் காற்றிலிருக்கிற ஈரம் பனியாகப் படியும் என்பது. அது இருபத்தைந்தைத் தாண்டினால் அன்றைக்குச் சட்டை ஒட்டாமல் இருக்காது. இதையும் லிஃப்டில் சொன்னேன். இந்தத் தடவை "ஓ" கூட இல்லை, அவர் லிஃப்டில் ஒட்டியிருந்த பராமரிப்பு அறிவிப்பை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்.

இதே வேகத்தில் மழை பற்றியும் ஒரு நாள். செல்போனில் "40 சதவீதம் மழை" என்று போட்டிருப்பதை அவர் காட்டி, "பாதி ஊருக்கு வரும், பாதிக்கு வராதுங்கிறானா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், அவர் மட்டும் கேட்கிற கேள்வியும் இல்லை. ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான், நியூயார்க் என்று ஐந்து நகரங்களில் "நாளை மழைக்கு 30 சதவீத வாய்ப்பு என்றால் என்ன?" என்று மக்களிடம் கேட்டு 2005-ல் ஓர் ஆய்வு வெளியானது. நியூயார்க்கில் மட்டும்தான் பெரும்பாலானோர் சரியாகச் சொன்னார்கள். மற்ற ஊர்க்காரர்கள் நாளில் 30 சதவீத நேரம் பெய்யும் என்றோ, 30 சதவீத இடத்தில் பெய்யும் என்றோ நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில், நாளைக்கு மாதிரியே இருக்கிற நூறு நாட்களை எடுத்துக்கொண்டால் அதில் முப்பது நாள் நீங்கள் நிற்கிற இடத்தில் மழை விழும், அவ்வளவுதான் அர்த்தம். தூறலா, கொட்டித் தீர்க்குமா, ஐந்து நிமிடமா, ஐந்து மணி நேரமா, எதையும் அந்த எண் சொல்லாது. துணி காயப்போட்டவருக்கு வேண்டியது அதுதான், அதை மட்டும் சொல்லாது.

இதை நான் விளக்கி முடிக்கும்போது நாங்கள் தரைத்தளத்தில் நின்று நான்கு நிமிடம் ஆகியிருந்தது. பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, இப்ப குடை எடுக்கணுமா வேண்டாமா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அவர் படியில் இறங்க ஆரம்பித்தார். முழங்காலுக்கு நல்லது என்று காவலாளியிடம் சொன்னாராம்.

வீட்டில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். "அவர் உங்ககிட்ட வானிலையா கேட்டார்?" என்றார் மனைவி. இதையேதான் மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் 1923-லேயே எழுதி வைத்திருக்கிறார். சில பேச்சு தகவல் சொல்வதற்காக இல்லை, பக்கத்தில் நிற்கிறவரோடு பகை இல்லை என்று காட்டிக்கொள்வதற்காகத்தான், அதற்கு அவர் தருகிற உதாரணங்களிலேயே வானிலை வருகிறது. நான் என்ன செய்தேன், ஒருவர் கையை நீட்டி வணக்கம் சொல்ல, அந்தக் கையைப் பிடித்து நாடி பார்த்திருக்கிறேன்.

அதற்காக வானிலைப் பேச்சில் வருகிற எல்லாமே வெறும் மரியாதை என்று தள்ளிவிடவும் முடியாது. பெரியவர்கள் எல்லோரும் சொல்கிற ஒன்று உண்டு: "எங்க காலத்துல இப்படி வெயில் இல்ல." சின்ன வயதில் இதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன், அவர்கள் காலத்தில் எதுதான் இப்படி இருந்தது என்று. இப்போது பார்த்தால், அளந்து சரிபார்த்ததில் தேறியது அந்த ஒரு வாக்கியம்தான். பதிவுகள் தொடங்கியதிலிருந்து 2024 வரைக்கும் பார்த்தால், உலகின் மிகச் சூடான பத்து ஆண்டுகள் 2015-லிருந்து வரிசையாக வந்த பத்து ஆண்டுகள். 2024-ல் உலகின் சராசரி, 1850-1900 காலத்தைவிட சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு சொல்லியிருக்கிறது. லிஃப்டில் ஒருநாள் அவர் அப்படிச் சொன்னபோது, சொல்வதற்குச் சரியான புள்ளிவிவரம் கையில் இருந்தும், நான் ஏனோ என் பனிநிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்புறம், மிகைப்படுத்திச் சொல்கிற வழக்கம். 38 இருந்தால் 42 என்போம், 42 இருந்தால் "ஐம்பதைத் தொட்டுடுச்சு" என்போம். இதிலும் யாரையும் குறை சொல்வதற்கில்லை. உலகத்தின் அதிகபட்ச வெப்பம் என்று லிபியாவில் அல் அஜீஜியா என்ற இடத்தில் 1922-ல் பதிவான 58 டிகிரியைத்தான் தொண்ணூறு வருடம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2012-ல் உலக வானிலை அமைப்பு உட்கார்ந்து பழைய ஏட்டைப் பிரித்துப் பார்த்து, அளந்தவர் பழக்கமில்லாத கருவியைத் தப்பாகப் படித்திருக்கிறார், ஏறக்குறைய ஏழு டிகிரி கூடிப்போயிருக்கும் என்று சொல்லி அதை நீக்கிவிட்டது. ஏழு டிகிரி! நம் லிஃப்ட் பேச்சில்கூட அவ்வளவு கூட்ட மாட்டோம்.

ஒரு மாதம் கழித்து நானும் திருந்தினேன். வெப்பமானியைப் பார்ப்பதை நிறுத்தினேன், யார் வெயில் என்றாலும் "ஆமா, ரொம்ப" என்றேன், மழை என்றாலும் "ஆமா, ரொம்ப." வாழ்க்கை சுலபமாகத்தான் இருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்து பிடித்த மழை விடியும் வரை விடவில்லை, அந்தி மழை அழுதாலும் விடாது என்பார்களே, அதேதான். காலையில் படியெல்லாம் ஈரம். லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றது. பெரியவர்.

நான் தயாராக இருந்தேன். "நேத்து நல்ல மழை சார்" என்றேன், மிகப் பணிவாக, எண்ணே இல்லாமல்.

"62 மில்லிமீட்டர்" என்றார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை.

"மாடியில ஒரு டப்பா வச்சிருக்கேன் தம்பி. மேலயும் கீழயும் ஒரே அகலமா இருக்கணும், வாளி மாதிரி விரிஞ்சிருந்தா கணக்கு தப்பும். காலையில ஸ்கேல் விட்டுப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர்னா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், தெரியும்ல? நம்ம மொட்டை மாடி இருநூறு சதுர மீட்டர் வச்சுக்கிட்டா, பன்னிரண்டாயிரத்து நானூறு லிட்டர் நேத்து ஒரே ராத்திரியில குழாய் வழியா சாக்கடைக்குப் போயிருக்கு."

"ஆமா சார், ரொம்ப" என்றேன், பழக்க தோஷம்.

லிஃப்ட் தரையைத் தொட்டது. கதவு திறந்தது. நான் வெளியே கால் வைக்கப் போனேன்.

"இன்னொண்ணு தம்பி. உங்க வெப்பமானி ஜன்னல் ஓரமாத்தானே இருக்கு? கீழேருந்து பாக்கும்போது தெரியும். அங்க பத்து மணிக்கு மேல நேர் வெயில் அடிக்கும். அப்படி வைக்கவே கூடாது. தாமஸ் ஸ்டீவன்சன்னு ஒரு கலங்கரை விளக்கப் பொறியாளர், இதுக்குன்னே வெள்ளையடிச்ச மரப்பெட்டி ஒண்ணு வடிவமைச்சாரு. நாலு பக்கமும் சரிஞ்ச பலகை, காத்து போகும், வெயில் படாது, தரையிலேருந்து ஒண்ணே கால் மீட்டருக்கு மேல, ரெண்டு மீட்டருக்குள்ள இருக்கணும்..."

கதவு மூட வந்தது. அவர் கையை நீட்டித் தடுத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். நான் லிஃப்டில் ஒட்டியிருந்த பராமரிப்பு அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தேன்.