பூநாரைக்கு முன்பாகச் சேற்றைத் தைத்தல்

மும்பை வடாலாவில் இருக்கும் எங்கள் வீட்டிற்கு அடுத்த ரயில் நிலையமான சிவ்ரியின் சேற்றுப் பரப்பில், குளிர்காலத்தில் வந்து இறங்கும் பூநாரைகளைத் துணிச்சித்திரமாக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக ஆசைப்பட்டு, சென்ற மாதம்தான் வேலையைத் தொடங்கினேன். பறவைகளை வெட்டி முடிக்க ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. அவை நிற்க வேண்டிய சேறு மூன்று வாரங்களை எடுத்துக்கொண்டது.

மேலே அம்மாவின் பழைய சாம்பல் நிறச் சுங்குடிப் புடவை, நடுவே மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் காடாத் துணி. சுங்குடியைத் தேர்ந்ததற்குக் காரணம், அதன் வெளிறிய புள்ளிகள் சேற்றில் தெரியும் நண்டு வளைகளைப் போலவே இருந்ததுதான். காடா கோடித் துணி என்பதால், கஞ்சி முழுவதும் போய், சுருங்க வேண்டியது முன்கூட்டியே சுருங்கிவிடட்டும் என்று வெந்நீரில் இருமுறை அலசினேன். படத்தின் அளவு 24க்கு 36 அங்குலம். தையல் ஓட ஓடத் துணி உள்ளிழுக்கப்படும் என்பதால், நான்கு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் கூடுதலாகவே வெட்டினேன். பறவைகளை முதலில் வைத்துவிட்டால் ஒவ்வொரு காலருகிலும் ஊசி நின்று திரும்ப வேண்டியிருக்கும். பின்னணியை முதலில் தைத்தால் நீர்க்கோடுகள் அறுபடாமல் கால்களுக்குப் பின்னால் ஓடும்.

தொலைவைக் காட்டுவதற்காக, மேற்பகுதியில் கால் அங்குல இடைவெளியிலும் கீழ்ப்பகுதியில் ஓர் அங்குல இடைவெளியிலும் கிடைக்கோடுகளாக ஓட்டுத்தையல் போட்டதுதான் நான் செய்த பிழை. நெருக்கமாகத் தைத்த மேல்விளிம்பு அதிகமாகச் சுருங்கி, கீழ்விளிம்பைவிட ஓர் அங்குலத்திற்கும் மேல் குறுகிவிட்டது. கீழ்ப்பகுதியோ தொய்ந்து உப்பி நின்றது. ஈரப்படுத்தி, இழுத்து, குண்டூசி குத்திக் காயவைத்தும் சரியாகாததால், மனம் வலித்தாலும் எல்லாவற்றையும் பிரித்தேன்.

எங்கள் கட்டடத்தில் பழைய புடவைகளை அடுக்கி கோதடி என்னும் போர்வை தைக்கும் மராத்திய ஆஜி (பாட்டி) ஒருவர், நூலை இழுக்காமல் துணியின் மேல் படுக்க வைக்க வேண்டும் என்று தம் கையால் செய்து காட்டினார். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான ‘சித்தி’ சமூகப் பெண்கள் கவந்தி என்னும் ஒட்டுத்துணிப் போர்வையைத் தைக்கும்போது ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கும் நான், தளர்வு வெளிப்புறமாக ஒதுங்கிச் செல்ல வேண்டும் என்பதால், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்தேன். இம்முறை இடைவெளி எங்கும் அரை அங்குலம்தான். தொலைவை நூலின் நிறத்திடம் ஒப்படைத்தேன்: கீழே கருஞ்சாம்பல், அதற்கு மேல் பழுப்பு, சிவ்ரியிலிருந்து கடலைக் கடக்கும் அடல் சேது பாலத்தின் தூண்கள் வரவிருக்கும் இடத்தில் துணியோடு கலந்துவிடும் வெளிர் சாம்பல். சன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, தையல்களின் பள்ளங்களில் நிழல் விழுந்து, நீர் வடிந்த சேறு போலவே தெரிந்ததில் எனக்கு அப்படியொரு மகிழ்ச்சி.

ஞாயிற்றுக்கிழமை, கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்து, பின்னணியை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு சிவ்ரிக்குச் செல்லவிருக்கிறேன். அங்குள்ள சேற்றின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முதல் பறவையைத் தைப்பேன்.