டோர்கோலின் வேகம் 22

போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள். அணி ஒருவழியாக உருவாகிவிட்டது, ஒரே ஒரு இடத்தில் மட்டும் கை இன்னும் அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஆட்டம் போகிமான் ஸ்கார்லெட் என்ற வீடியோ கேம், இருவர் இருவராகக் களமிறக்கும் இரட்டையர் முறை. எதிராளியின் ஆறு போகிமானையும் 90 விநாடி பார்த்துவிட்டு, நம் ஆறில் நான்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாம் லெவல் 50-இல் நிற்கும். என் அணியின் அச்சாணி டோர்கோல், அந்த நிலக்கரி ஆமை. அது களத்தில் இறங்கியதுமே வெயில் கொளுத்தும். அதன் இரப்ஷன் என்ற நெருப்புத் தாக்குதலுக்கு முழு உயிர் இருந்தால் 150 பவர், பாதி உயிரென்றால் 75. ஆகவே அடி வாங்குவதற்குள் அடித்துவிட வேண்டும். ஆமையை வைத்துக்கொண்டா? அதற்குத்தான் ஃபாரிகிராஃப். அது ட்ரிக் ரூம் போட்டால் மெதுவாக இருப்பவர்தான் முதலில் அடிப்பார். ஆர்மர் டெயில் என்ற திறன் அதற்கு இருப்பதால், முந்திக்கொண்டு அடித்துத் திகைக்க வைக்கும் எதிராளியின் ஃபேக் அவுட்டும் என் இருவர்மேல் பலிக்காது.

முதல் வாரம் பெட்டியில் கிடந்த பழைய டோர்கோலுக்கு வேகத்தைக் குறைக்கும் மின்ட் என்ற பொருளைக் கொடுத்து இறங்கினேன். வேகம் 36. இதற்குக் கீழே யார் இருக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. எதிரில் வந்தது ஒரு அமூங்கஸ். நான் போட்ட ட்ரிக் ரூமுக்குள்ளேயே அது முந்திக்கொண்டு ஸ்போர் தூவி என் ஆமையைத் தூங்க வைத்தது. பாய் விரித்தது நான், படுத்ததும் நான்தான்! பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐவி என்பது ஒவ்வொரு போகிமானுக்கும் பிறவியிலேயே அமையும் 0 முதல் 31 வரையான மதிப்பு. வேக ஐவி 0 ஆக இருக்கும் அமூங்கஸின் வேகம் 31 வரை இறங்கும். அதே கணக்கில் டோர்கோல் 22.

ஐவியை ஏற்றுவதற்குப் பாட்டில் கேப் என்ற பொருள் உண்டு, இறக்குவதற்கு ஒன்றும் இல்லை. 0 உள்ளதைத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான். ஒரு டோர்கோலுக்கு அது வாய்ப்பது 32-இல் ஒரு பங்கு. எனக்கு 41-ஆவதில் கிடைத்தது. அந்த மகிழ்ச்சியில் தங்கக் கேப்பைக் கொடுக்கப் போய், கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டேன். அது எல்லா ஐவியையும் உச்சத்துக்கு ஏற்றும், வேகத்தையும் சேர்த்து. சாதாரணக் கேப்பாக ஒவ்வொன்றாகக் கொடுங்கள்.

22-ஆல் எதிர்பாராத இன்னொரு லாபமும் கிடைத்தது. எதிரே பெலிப்பர் மழையோடு வந்தால், இருவரும் ஒரே நேரத்தில் இறங்கும்போது வேகமானவரின் வானிலை முதலில் வரும், மெதுவானவருடையது அதன்மேல் வந்து நிற்கும். மழை ஒரு நொடி பெய்து, வெயில் திரும்பும். இதைப் பார்ப்பதே ஒரு சுகம்.

சரி, அப்புறமும் தோற்றேன். ட்ரிக் ரூம் ஐந்து சுற்று என்றாலும் அதைப் போடும் சுற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். மிச்சம் நான்கு. எதிராளி ஒரு சுற்று இரண்டு பேரையும் அடியைத் தடுக்கும் ப்ரொடெக்ட் செய்ய வைத்தால் மூன்று. அதற்குள் முடியாவிட்டால் ஃப்ளட்டர் மேனை இறக்கி முடிப்பது என் திட்டம். வெயிலில் அதன் ப்ரோட்டோசிந்தசிஸ் என்ற திறன் வேலை செய்து, அதன் மிகப் பெரிய எண்ணை ஏற்றும். மாடஸ்ட் மின்ட் கொடுத்ததால் அதன் சிறப்புத் தாக்குதல் 205, வேகம் 187. பெரிய எண்ணுக்குத்தான் ஊக்கம் என்பதால் தாக்குதல் 1.3 மடங்காகும்.

காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஆறாவது சுற்றில் ஃப்ளட்டர் மேன் வந்து நின்றால் வெயிலே இல்லை. வெயிலுக்கும் ஐந்து சுற்றுதான் ஆயுள், இரண்டும் ஒன்றாகவே முடிகின்றன. இப்படி மூன்று ஆட்டம் தோற்ற பிறகுதான் சுற்றுகளை எண்ண ஆரம்பித்தேன் என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

இப்போது டோர்கோலின் கையிலிருந்த சார்கோலை எடுத்துவிட்டு ஹீட் ராக் கொடுத்திருக்கிறேன். வெயில் எட்டுச் சுற்று நிற்கும், ஃப்ளட்டர் மேனுக்கு மூன்று சுற்று முழுதாகக் கிடைக்கும். ஆனால் நெருப்பு அடிக்குச் சார்கோல் தந்த 20 சதவீதம் போயிற்று. நேற்றிரவு இரண்டாவது சுற்றில் எதிராளியின் ரிலாபூம் நூலிழை உயிரோடு தப்பித்தது. சார்கோல் இருந்திருந்தால் விழுந்திருக்கும். அதே ஆட்டத்தை ஏழாவது சுற்றில் ஃப்ளட்டர் மேன் வென்றுகொடுத்தது, அதுவும் வெயில் இருந்ததால்.

அணிப் பட்டியலில் பொருளையும் எழுத வேண்டும், எதிராளி அதைப் பார்ப்பார். ஹீட் ராக் என்று எழுதிவிட்டு இரண்டு முறை அழித்தாயிற்று. மூன்றாவது முறையும் ஹீட் ராக் என்றே எழுதியிருக்கிறேன்.