வீட்டைச் சுத்தி ஆயிரம் சதுரடி, கையில ஒரு லட்சம்

வீடு கட்டி பால் காய்ச்சி ரெண்டு வருஷம் ஆகப்போகுது. மதுரைக்கு வெளிய 5 சென்ட் மனை, அதாவது 2178 சதுரடி, அதுல வீடு 1100 போக நாலு பக்கமும் சேர்த்து ஆயிரம் சதுரடி பக்கம் சும்மா கிடந்துச்சு. மண்ணு மாதிரி தெரியும், ஆனா கடப்பாரைய எடுத்து குத்துனா பூராம் செங்கத்துண்டு, காஞ்ச சிமெண்ட் கட்டி, டைல்ஸ் சில்லு, பெயிண்ட் டப்பா. வேலை முடிச்சுட்டு போனவங்க அள்ளிட்டு போகாம அப்படியே மேல ரெண்டு நடை மண்ணடிச்சு மூடி விட்டுட்டாங்க. அது தெரியாம குடி வந்த மாசமே ரெண்டாயிரம் ரூபாய்க்கு செடி வாங்கி வச்சேன். இட்லிப்பூ ரெண்டே மாசத்துல இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னுச்சு, அப்புறம் செம்பருத்தியும் அதே மாதிரி ஆச்சு. தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் ஊத்துனேன், ஒண்ணும் சரியாகல. சிமெண்ட்ல இருக்க சுண்ணாம்பு மண்ணை காரமாக்கிடும், அந்த மண்ணுல இரும்புச்சத்து இருந்தாலும் வேரால எடுக்க முடியாதுன்னு பின்னாடி ஒரு நர்சரிக்கார அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

அப்புறம் சீட்டு எடுத்த காசு ஒரு லட்சம் கைக்கு வந்துச்சு, இந்த தடவை ஒழுங்கா பிளான் பண்ணி செய்வோம்னு உக்காந்தோம். முதல்ல ஒரு கான்ட்ராக்டர கூப்பிட்டு கேட்டோம், அவர் முன்னாடி பூராம் கொரியன் புல்லு, மத்த மூணு பக்கமும் பேவர் பிளாக், கேட் பக்கத்துல ஒரு சின்ன நீரூற்றுன்னு படம் போட்டு 2,80,000 சொன்னார். எங்க வீட்டுக்காரருக்கு புல்லு மேல ரொம்ப ஆசை. நான் தண்ணி கணக்கு போட்டு காட்டுனேன். நம்ம வெயிலுக்கு சித்திரை வைகாசில புல்லுக்கு ஒரு சதுர மீட்டருக்கு தினம் 5 லிட்டராவது வேணும், 500 சதுரடின்னா 46 சதுர மீட்டர், தினமும் 230 லிட்டர். அந்த மாசத்துல எங்க போர்ல குளிக்கவே யோசிச்சுத்தான் மோட்டார் போடுறோம். பேப்பர்ல எழுதி காட்டுனதும் அவரே புல்லை அடிச்சுட்டார்.

எங்க அத்தை கேட்டது வேற. "ஏத்தா, மழை பெய்ஞ்சா தண்ணி எங்க நிக்கிதுன்னு பாத்தியா? அதைப் பாக்காம எதுக்கு காசைக் கொட்டுறீங்க"ன்னாங்க. பாக்கல. அதனால ஒரு ஐப்பசி கார்த்திகை முழுக்க ஒரு ரூபா செலவு பண்ணாம விட்டோம். ஒவ்வொரு மழைக்கும் குடையோட சுத்தி வந்து தண்ணி நிக்கிற எடத்துல சுண்ணாம்புல கோடு போட்டு போட்டோ எடுத்து வச்சேன். அடுப்படிக்குப் பின்னாடி ரெண்டு நாள் தண்ணி நின்னுச்சு, செவரு ஓரமா ஈரம் ஒரு அடி ஏறிருந்துச்சு. மழைநீர் குழிய தொறந்து பாத்தா அதுக்குள்ளயும் கட்டட கழிவு. 2003லயே நம்ம மாநிலத்துல எல்லா கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு ஆக்கிட்டாங்க, எங்களுக்கும் பிளான்ல இருந்துச்சு, தோண்டியும் வச்சிருந்தாங்க, ஆனா ஒரு சொட்டு உள்ள இறங்கல.

இதுக்கும் ஒரு கணக்கு போட்டேன், போட்டப்ப எனக்கே மலைப்பா இருந்துச்சு. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெய்ஞ்சா ஒரு லிட்டர். மதுரைல வருஷத்துக்கு 850 மில்லிமீட்டர் பக்கம் பெய்யும், எங்க மொட்டைமாடி 102 சதுர மீட்டர், ஆக 86,000 லிட்டருக்கு மேல. வெயில்ல காஞ்சது வழிஞ்சது போக 70,000ன்னு வச்சாலும் 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட ஆறு. அத்தனையும் தெருவுல விட்டுட்டு வெயில் காலத்துல லாரிக்கு போன் போட்டுட்டு இருந்திருக்கோம்!

அதனால காசுல பெரும்பங்கு கண்ணுக்கு தெரியாத வேலைக்கே போகட்டும், செடி கடைசின்னு முடிவு பண்ணோம். ஜேசிபி விட்டு ஒன்றரை அடி ஆழத்துக்கு கழிவை அள்ளி டிராக்டர்ல வெளிய அனுப்ப 11,000 ஆச்சு. மழைநீர் குழிய சுத்தம் பண்ணி ஜல்லி, மணல் மாத்தி, மாடி குழாய் எல்லாத்தையும் அதுல சேர்க்க 9,000. செம்மண் ரெண்டு டிப்பர் 14,000, மக்குன சாணி எரு ஒரு டிராக்டர் 3,500. எரு வாங்குறப்ப கையில அள்ளி மோந்து பாருங்க, சாணி வாடை அடிச்சா இன்னும் மக்கலன்னு அர்த்தம், அதைப் போட்டா செடி வெந்துரும், கூடவே கரையானும் வரும்.

மண்ணை நிரவுறப்ப கொத்தனார் பக்கத்துலயே நின்னு தண்ணி நிரப்புன டியூப் வச்சு மட்டம் பிடிச்சு பாத்தோம், செவத்துல இருந்து வெளிய பத்தடிக்கு ரெண்டு இன்ச் சரிவு. இதை விட்டுட்டு மேல பேவர் போட்டுட்டா அப்புறம் பேத்துத்தான் சரி பண்ணணும். பேவர் பிளாக் கார் நிக்கிற எடத்துக்கும் கேட்ல இருந்து படி வரைக்கும் மட்டும் போட்டோம், 60 மில்லிமீட்டர் கனம், 220 சதுரடி, சதுரடிக்கு 75 ரூபா, 16,500. சுத்தி பூராம் போட்டிருந்தா அதுக்கே லட்சத்துல முக்கால்வாசி தீந்திருக்கும், தண்ணி எறங்க எடமும் இருக்காது, மேற்குப் பக்கம் மத்தியானம் அந்த கல்லு சுட்டு அனல் நேரா பெட்ரூம் ஜன்னலுக்கு வரும். பின்பக்கம் நடக்க பழைய கடப்பா கல்லை அரையடி எடவெளி விட்டு பதிச்சோம், அது போதும். பேவர் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துல 4 இன்ச் பிவிசி பைப்பை காலியா குறுக்க பொதைச்சு வச்சோம், பின்னாடி தண்ணி டியூப் இழுக்கணும், லைட்டுக்கு வயர் இழுக்கணும்னா கல்லைத் தொட வேண்டியதில்ல. இதை எல்லாரும் செய்யணும்னு சொல்லுவேன், செலவுன்னு பாத்தா ஒண்ணுமே இல்ல.

அத்தைக்கு ஒரு தென்னை வேணும். நானும் ஆசையா டேப் வச்சு அளந்தேன். தோப்புலயே மரத்துக்கு மரம் 25 அடி விடுவாங்க, எங்களுக்கு பக்கவாட்டுல கெடைக்கிறது 5 அடி, மட்டை விழுந்தா பக்கத்து வீட்டு ஷீட்டுக் கூரை மேலதான் விழும். அவங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "அப்ப வாழை வை"ன்னாங்க. அடுப்படி தண்ணி போற பக்கம் ரெண்டு வாழை, ஓரமா கல்வாழை, இப்ப அங்க தண்ணி நிக்கிறதே இல்ல. முருங்கை பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கண்டுபிடிச்ச பிகேஎம் 1 ரகம், விதை போட்டது, மூணடில நுனிய கிள்ளி விட்டா பக்கக்கிளை வந்து கைக்கு எட்டுற மாதிரி காய்க்கும், பெரிய மரமா வளர விட்டா காத்துக்கு முறிஞ்சு விழும். கறிவேப்பிலை, பவழமல்லி, நந்தியாவட்டை, அப்புறம் வெயில் நல்லா விழுற கிழக்குல பத்து குண்டுமல்லி.

மல்லி பதியன் தங்கச்சிமடத்துல இருந்து வந்தது. மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு கெடைச்சது எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்த நாத்து பெரும்பாலும் ராமேஸ்வரம் பக்கத்துல இருந்துதான் இங்க வருதுங்கிறது எனக்கு போன வருஷம்தான் தெரியும். செடி எல்லாம் சேர்த்து 7,000, சொட்டு நீர் டியூப் 6,500, ஆள் கூலி 12,000.

மொத்தம் 79,500. மிச்சம் 20,500ஐ தனியா வச்சிருக்கேன், அதுல எங்க வீட்டுக்காரரும் கை வைக்கல நானும் வைக்கல. தோட்டம் போட்டவங்க நெறைய பேர் முதல் நாளே எல்லா காசையும் போட்டுட்டு அடுத்த வருஷம் எரு வாங்கவும் கவாத்து பண்ண, அதாவது கிளைய வெட்டி விட, ஆள் விடவும் காசில்லாம அப்படியே காய விட்டத பாத்திருக்கேன், மனசுக்கு கஷ்டமா இருக்கும்.

மேற்குச் செவருக்கு இன்னும் ஒண்ணும் செய்யல. அஞ்சடில மரம் வைக்க முடியாது, பந்தல் போட்டு கொடி ஏத்தணும். கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்துல நிக்கிற மாதிரி கல்லுக்கால் நாலு நட்டா காலத்துக்கும் நிக்கும், விலை விசாரிச்சுட்டு இருக்கோம். கார்த்திகை முடிய மல்லிய கவாத்து பண்ணணும், அது முடிஞ்சு தை பொறந்ததும் கல்லுக்கால் வேலை. அது வரைக்கும் அந்தப் பக்கம் அத்தை அவரை விதை போட்டு கயிறு கட்டி விட்டிருக்காங்க, ஜன்னல் கம்பி வரைக்கும் ஏறிருச்சு.